நான் அனுப்பாமல் அழித்த குரல்

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். எழுதுகிற தகுதி எதுவும் எனக்கு இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன், அதுவும் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்க வாய் வராமல் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தவள் நான். அப்படிப்பட்டவள் இதை எழுத வந்ததற்குக் காரணம், இதை வாயால் சொல்ல என்னால் முடியாது என்பதுதான். ஏன் முடியாது என்று படித்துக்கொண்டு போனால் உங்களுக்கே தெரியும்.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நான் பிறந்த ஊர் மணலூர்பேட்டை. பெண்ணையாற்றங்கரையில் அது நடக்கும், இது நிற்கும் என்று சொல்லாத ஆள் கிடையாது. நான் அந்தக் கரை மேலேயேதான் கழனிக்குப் போய் வருவேன், எனக்குப் பயம் பாம்பு ஒன்றுக்குத்தான். இப்போதும் பேயை நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் இப்போது இருப்பது கள்ளக்குறிச்சியில். புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். எங்க வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து ஓட்டுகிறார். குட்டியானை என்றால் உங்களுக்குத் தெரியும், மூன்று பேர் உட்கார இடம் இல்லாமல் பின்னால் ஒரு டன் ஏற்றுவார்களே, அந்தச் சின்ன லாரி. கல்வராயன் மலைக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே கொண்டுவந்து போடுவார். பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். பகலில் வீட்டில் நானும் தையல் மிஷினும்தான்.

கொரோனா சமயத்தில் என்னோடு பத்தாவது படித்த மும்தாஜ் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தாள். மும்தாஜ் வீட்டுக்காரருக்குக் கள்ளக்குறிச்சி பஜாரில் வளையல் கடை. இன்னொருத்தி செல்வி, மூங்கில்துறைப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள், கரும்பு வெட்டு நடக்கும்போது அவளைப் பிடிக்கவே முடியாது, மற்ற நாளில் அவள் வாயை மூட முடியாது. மூணே பேர்தான் குரூப். நேரில் பார்த்தால் நான் பேச மாட்டேன், ஆனால் அதில் எழுதுவேன். அவர்கள் இருவரும் குரலில் பேசி அனுப்புவார்கள், நான் தட்டித் தட்டி எழுத்தில் பதில் போடுவேன். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த குரூப்பில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருத்தி கதையில், சினிமாவில், சாயந்திர சீரியலில் வருகிற ஒரு ஆளை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். நிஜ ஆள் கூடாது. மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ஆமா, இல்லை என்று மட்டும்தான் பதில். கண்டுபிடித்தவள் அந்த ஆளின் பேரைக் குரலில் சொல்லி அனுப்ப வேண்டும், எழுத்தில் போட்டால் கணக்கில் வராது. இந்தக் கடைசி சட்டம் என்னைப் பேச வைக்க மும்தாஜ் கொண்டுவந்தது. யாரோ ஒரு சீரியல் மாமியார் பேரை மட்டும் சொல்லி அனுப்புவேன், உடனே செல்வி, 'யம்மா, குயிலு கூவிடுச்சிடி' என்று கேலி செய்வாள்.

இந்த இடத்தில் இன்னொன்று சொல்லியாக வேண்டும். நான் எங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னது கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன், அவர்கள் சொல்வார்கள். இப்போதெல்லாம் சின்னப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், தப்பு என்று சொல்லவில்லை, எனக்கு வரவில்லை. இதோ இங்கே எழுதவும் கை வரவில்லை. திருப்பதியில் சாமி எத்தனை மலைக்கு மேல் இருக்கிறதோ அந்த எண்ணிக்கையையும், மலையையும் சேர்த்துப் படியுங்கள். அதுதான் அவர் பேர். எங்கள் பக்கம் தெருவுக்கு ரெண்டு பேருக்கு அந்தப் பேர் இருக்கும். ஆறுக்கு அடுத்த எண் வந்தாலே நான் 'ஆறும் ஒண்ணும்' என்றுதான் சொல்வேன். புடவை எண்ணும்போது நான் படுகிற பாட்டைப் பார்த்து மும்தாஜ் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நடந்தது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் மாவட்டம் பூராவும் மறியல். ஒரு நாள் பஸ் ஓடும், ஒரு நாள் ஓடாது. எங்கள் அம்மா காலத்தில் மரத்தையே வெட்டி ரோட்டில் போட்டார்கள் என்று சொல்வார்கள், இந்தத் தடவை அந்த அளவு இல்லை, ஆனால் ரோட்டில் கூட்டமாக உட்கார்ந்துவிட்டால் வண்டி நகராது. அதில் எது நியாயம் என்று பேச எனக்குத் தெரியாது. எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டுக்கு அதில் பேச்சு வார்த்தை நின்றுபோனது.

அன்றைக்கு மறியல் இருக்கும் என்று முன்னாடியே பேச்சு. 'இன்னிக்கு போவாதீங்க' என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. 'கெழங்கு புடுங்கி வெச்சிட்டு நிக்கிறாங்க. மழையில நனைஞ்சா அழுவிடும். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன், நீ கம்முனு கெட' என்று சொல்லிவிட்டு விடிகாலையில் கிளம்பினார். மலை ஏறினால் போனில் சிக்னல் கிடைக்காது, அது பழக்கம்தான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நான் போட்டுப் பார்க்கிறேன், 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று அந்தப் பொம்பளைக் குரல் ஒரே மாதிரி சொல்கிறது. மலையிலிருந்து இறங்குகிற வழியில், கச்சிராயபாளையம் பக்கம் டயரைக் கொளுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், எந்த வண்டியையும் விடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான் யாரிடமும் அவர் மலையில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. மும்தாஜிடமும் சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி. பயத்தை வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். மும்தாஜ் குரூப்பில் வந்தாள். 'ஒரு ஆளை நெனச்சிட்டேன். கேளுங்கடி' என்றாள். மறியலில் பஜாரையே மூடிவிட்டார்கள், அவளுக்குப் பொழுது போகவில்லை. செல்விக்கும் அப்படித்தான், கரும்பு வண்டி எதுவும் ஆலைக்குப் போகவில்லை. எனக்கு விளையாடுகிற மனசு இல்லை. ஆனாலும் சும்மா இருந்தால் போனையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அதற்கு இது தேவலை என்று புடவையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டே கேட்டேன்.

செல்வி ஆரம்பித்தாள். 'கதையில வர்ற ஆளா?'

'ஆமா.'

'ஆம்பளயா?'

'ஆமா.'

'நல்லவனா?'

'இல்ல. ஆனா அவன் பொண்டாட்டிய கேட்டா நல்லவன்னுதான் சொல்லுவா' என்று சொல்லி மும்தாஜ் சிரித்தாள்.

என் முறை. ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, 'உயிரோடு இருக்கிறானா?' என்று எழுதிவிட்டேன்.

மும்தாஜ் ஆமா, இல்லை ரெண்டும் சொல்லவில்லை. 'உயிரு இருக்குதுடி. ஆனா அவன்கிட்ட இல்ல. வேற எடத்துல இருக்குது' என்றாள்.

ஊசி விரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, 'மலையில் இருக்கிறானா?' என்று இடது கையால் தட்டினேன்.

'ஆமாடி ஆமா, மலையேதான்!' இருவரும் ஒரே சிரிப்பு. செல்வி, 'வண்டி வாகனம் எதுனா வெச்சிக்கினு இருக்கானா?' என்று கேட்டாள். அதற்கு மும்தாஜ், 'குட்டியானை' என்று சொல்லும்போதே சிரிப்பில் புரையேறி இருமினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு எனக்கு வலை விரித்திருக்கிறார்கள். அத்தனை மலை, அத்தனை கடல் தாண்டி ஒரு கிளிக்குள்ளே உயிரை ஒளித்து வைத்த பூதம் என்று சின்ன வயதில் கதை கேட்டிருப்போமே, அந்தப் பூதம். எத்தனை மலை என்று நான் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் அவர்களுக்கு வேண்டும். என் வாயிலிருந்து அந்தப் பேரை வரவைத்துக் கேட்டுச் சிரிக்க வேண்டும்.

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். 'ஆறும் ஒண்ணும் சேர்ந்த மலை தாண்டி உயிரை வைத்த பூதம்' என்று எழுதிப் போட்டேன்.

'அதெல்லாம் ஒத்துக்க முடியாது' என்றாள் மும்தாஜ். 'மலை பேரு முழுசா வரணும். கொரல்ல வரணும்.'

செல்வி விடவில்லை. 'இல்லன்னா பூதம் மேலயே கெடக்க வேண்டியதுதான். நீ பேரு சொல்லி கூப்டாதான் கீழ எறங்கும்டி.'

அவளுக்கு என்ன தெரியும், விளையாட்டுக்குச் சொன்னாள். வெளியே மழை. திரும்பவும் அவர் நம்பரைப் போட்டேன், திரும்பவும் தொடர்பு எல்லைக்கு வெளியே. உயிர் அவன்கிட்ட இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது என்று மும்தாஜ் சொன்னது காதிலேயே நின்றது. சரி, பேரைத்தானே சொல்ல வேண்டும், சொல்லித் தொலைத்துவிட்டுப் போனை மூடிவிடலாம் என்று தோன்றியது. அந்த மைக் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பூதத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது பூதம் இல்லை.

'......, போதும், எறங்கி வா.'

புள்ளி வைத்த இடத்தில் அவர் பேர். மலையிலிருந்து இறங்கி வா என்று நினைத்துச் சொன்னேன். வாங்க என்றுகூட வரவில்லை, வா என்றுதான் வந்தது. பேரோடு சேர்த்து மரியாதை சொல்லி எனக்குப் பழக்கம் இல்லையே. தொண்டை கட்டி, கரகரவென்று, என் குரல் மாதிரியே இல்லை. அய்யோ, இதை அவர்கள் கேட்கக் கூடாது என்று விரலை எடுக்காமல் அப்படியே இடது பக்கம் தள்ளினேன். அப்படித் தள்ளினால் அழிந்துவிடும், உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஒரு சின்னக் குப்பைத்தொட்டி வாயைத் திறந்து மைக்கை முழுங்கும். முழுங்கிவிட்டது. குரல் போகவில்லை.

போகவில்லை என்பதற்கு சாட்சி இருக்கிறது. நான் பேசுவது அவர்கள் போனில் 'பதிவு செய்கிறார்' என்று காட்டியிருக்கிறது, அதனால் ஆவலாகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை என்றதும் செல்வி, 'இன்னாடி, வாய் வரிக்கும் வந்தத முழுங்கிட்டியா?' என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் குரூப்பில் இருக்கிறது. அதற்கு மேலே என் குரல் எதுவும் இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, வரவில்லை என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். பேசாமல் களைந்தேன், வீட்டில் வேறு யாரும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு வெந்து வடிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். நனைந்திருந்தார். என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு, 'யம்மா, கல்வராயன் மலையில வெள்ளிமலை போற ரோட்டுல மண்ணு சரிஞ்சிடுச்சாம். ஒரு குட்டியானை மாட்டிக்கினு இருக்குதாம். நம்ம வண்டியா இருக்காது. சும்மா சொன்னேன்' என்றார்.

சும்மா சொல்ல யாராவது மழையில் வருவார்களா. அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. ரோடு மறியலில் இருந்தது, போக வண்டி இல்லை. பையனுக்குப் போன் செய்து சொன்னேன், அவனும் நானும் விடியும்வரை மாறி மாறி அவர் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

விடிந்தபோது வந்துவிட்டார். நம்புங்கள், முழுசாக வந்தார். யாரோ ஒரு விவசாயியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, செருப்பு இல்லாமல், முழங்காலில் சிராய்ப்போடு, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு இறங்கினார். நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, விடுங்கள். வெந்நீர் வைத்தேன், டீ போட்டேன், அவர் கூடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'லோடு ஏத்திக்கினு பாதி மலை எறங்கிட்டேன். எதுக்க வந்த பைக்குக்காரன் கீழ போவாத, வண்டிய ஒடைக்கிறாங்கன்னான். சரி, கூட்டம் கலையட்டும்னு வளைவுல ஓரங்கட்டி நிறுத்திட்டு, கண்ணாடிய ஏத்திக்கினு உள்ளயே குந்திக்கினு இருந்தேன். மழை கொட்டுது. தூங்கல. சத்தியமா தூங்கல, பீடி பத்த வெச்சிக்கினு இருந்தேன். பின்னால, லோடு பக்கத்துலேர்ந்து, ஒரு பொம்பள பேரு சொல்லி கூப்டுறா.'

'யாரு?' என்று கேட்டேன். எனக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை.

'எனக்கின்னா தெரியும்? மலையில அந்த மழையில எந்தப் பொம்பள வருவா? என்னை பேரு சொல்லி கூப்டுற பொம்பள யாரு இருக்கா, எங்க அம்மா இருந்தா, அவளும் போயிட்டா. தொண்ட கட்டின கொரலு. ......, போதும், எறங்கி வான்னா. மரியாத கூட இல்ல. எறங்கி வாவாம்!'

டம்ளர் என் கையில்தான் இருந்தது. கீழே போடவில்லை. ஆனால் அதன் சூடு எனக்குத் தெரியவில்லை, உள்ளங்கை சிவந்தது அப்புறம்தான் தெரிந்தது. 'திரும்ப சொல்லுங்க' என்றேன்.

'இன்னாத்த?'

'அவ சொன்னத.'

சொன்னார். பேர், அப்புறம் போதும், அப்புறம் எறங்கி வா. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, ஒரு வார்த்தை குறையவும் இல்லை. அந்தப் 'போதும்' உட்பட. நான் மலையிலிருந்து இறங்கி வா என்று சொன்னேன், அவர் வண்டியிலிருந்து இறங்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

இறங்கினார். ஆனால் கூப்பிட்டார்கள் என்பதற்காக இறங்கவில்லை. இதுதான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிற இடம். மலையில் முகம் தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பதில் கொடுக்கக் கூடாது என்று வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள், இவரும் அதை நம்புகிறவர். மோகினி வந்துவிட்டது என்று நினைத்து, குரல் வந்த பக்கம் திரும்பாமல், முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு செருப்பைக்கூட மாட்டாமல், போனை வண்டியிலேயே விட்டுவிட்டு, கீழ்ப்பக்கமாக ஓட்டம் பிடித்திருக்கிறார். பெண்டாட்டி குரலுக்குப் பயந்து ஓடியிருக்கிறார். அது என் குரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் வாயில் அவர் பேர் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதே இல்லையே.

'வளைவு தாண்டி ஒரு சின்ன பாலம். அது மேல நின்னுக்கினு மூச்சு வாங்கினேன்' என்றார். 'நம்ம வயசுக்கு ஓட்டம் ஆவுமா. சரி, இன்னா பைத்தியக்காரத்தனம், வண்டிக்கே போவலாம்னு திரும்பப் பாக்குறேன். மறுபடியும் அதே கொரலு. இப்ப காதுகிட்ட. இன்னும் தள்ளிப் போ, அங்க நிக்காதங்குது. அவ்ளோதான், நான் எப்டி ஓடினேன்னு எனக்கே தெரியாது. பின்னால வெடி வெச்ச மாரி சத்தம். மண்ணும் பாறையும் வண்டிய அடிச்சிக்கினு வந்து பாலத்தையும் சேத்து இட்டுக்கினு போயிடுச்சி. நின்னிருந்தா நானும் போயிருப்பேன்.'

அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றேன். குழாயைத் திறந்து உள்ளங்கையைத் தண்ணீரில் காட்டினேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மும்தாஜும் அதைத்தான் சொன்னாள், அவள் ஒருத்தியிடம் மட்டும், அதுவும் எழுத்தில், நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு என்னை வைத்து விளையாடியதற்கு அவள் அழுதாள், அழுதுவிட்டு, 'அவருக்கு கண்ணு அசந்திருக்கும்டி, கனவு வந்திருக்கும், மண்ணு சரியறதுக்கு முன்னாடி கல்லு உருளும், அந்தச் சத்தம் தூக்கத்துல பேரு மாரி கேட்டிருக்கும்' என்றாள். இருக்கலாம். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் கல் உருண்டால் 'போதும்' என்று கேட்குமா? நான் சொன்ன வார்த்தை எனக்கும் அந்தக் குப்பைத்தொட்டிப் படத்துக்கும் மட்டும்தான் தெரியும். நேரம் சரியாக அதேதானா என்று நிமிஷக் கணக்கு வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு விளக்கு வைக்கிற நேரம், அவருக்கு மலையில் வெளிச்சம் போகிற நேரம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். புருஷனுக்கு என்ன ஆச்சோ என்ற பயத்தில் நான் சொன்ன சொல் எப்படியோ அவரிடம் போய்ச் சேர்ந்தது, சாமி கொண்டு சேர்த்தது என்று வைத்துக்கொண்டால் மனசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த ரெண்டாவது தடவை. நான் ஒரு தடவைதான் பேசினேன். அப்புறம் வாயைத் திறக்கவில்லை, அரிசி களைந்தேன், உங்களிடம் சொன்னேனே. 'இன்னும் தள்ளிப் போ, அங்க நிக்காத' என்று நான் சொல்லவே இல்லை. அங்கே பாலம் இருப்பதே எனக்குத் தெரியாது, நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. அதைச் சொன்னது யார்? அதே குரல்தான், அதே தொண்டை கட்டின குரல்தான் என்று அவர் அடித்துச் சொல்கிறார். நல்லதைத்தான் சொன்னது, அவரைக் காப்பாற்றத்தான் சொன்னது, எல்லாம் சரி. ஆனால் என் குரலில் நான் இல்லாமல் ஒன்று பேசியிருக்கிறது. அதற்கு அவர் பேர் தெரியும்.

அப்போதிலிருந்து நான் போனில் பேசினால் பாதியில் அழிப்பதில்லை. உளறினாலும், இருமினாலும் அப்படியே அனுப்பிவிடுவேன். செல்விக்கு ஒரே ஆச்சரியம், உனக்குக் கூச்சம் போயிடுச்சிடி என்கிறாள்.

அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் அந்த மோகினி கதையைச் சொல்லிச் சிரிப்பார், கடைசியில், 'அந்தக் கொரலு மட்டும் மறக்கல. இன்னொரு தடவ கேட்டா உடனே கண்டுபுடிச்சிடுவேன்' என்பார். நான் பக்கத்திலேயே பாத்திரம் எடுத்துக்கொண்டு இருப்பேன். நான் ஒரே ஒரு தடவை அவர் பேரைச் சொன்னால் போதும், தெரிந்துவிடும். இதுதான் அந்தக் குரல் என்று அவர் சொல்லிவிட்டால், அப்புறம் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பயம். இது இல்லை, அது வேறே குரல் என்று சொல்லிவிட்டால், அது இன்னும் பெரிய பயம். முன்பெல்லாம் வழக்கத்துக்காகச் சொல்லாமல் இருந்தேன். இப்போது வாய் வரை வந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் வந்த அன்றைக்கு மறுநாள் மறியலை எடுத்துவிட்டார்கள், காலையிலேயே பஸ் ஓடியது. அவர் இன்சூரன்ஸுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று பையனின் பழைய போனை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். பாலம் இல்லாததால் வண்டிக்குப் பக்கத்தில் போக முடியவில்லை, இந்தப் பக்கத்தில் நின்றே எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். நான் அந்தப் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தேன், 'அங்க நிக்காத' என்று குரல் சொன்ன இடத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது.